பதில்: டெக்சஸ் கிளப்பில் பேச ஆள் பிடிப்பது

வணக்கம். டெக்சஸில் உங்கள் ரிபப்ளிகன் கட்சி கிளப் கூட்டத்துக்கு வருவதாகச் சொன்ன மாநிலப் பிரதிநிதி, மார்ச், ஏப்ரல் இரண்டு தடவையும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர்மேல் கோபப்படாதீர்கள், மாதம்தான் தப்பு. அங்கே சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரி தொடங்கி 140 நாள் கூடும். ஆள் தலைநகர் ஆஸ்டினில்தான் கிடப்பார். ஜூனுக்கு அப்புறம் கேளுங்கள்.

அதுவரை கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஆட்களைப் பிடியுங்கள். கவுன்டி போலீஸ் தலைவரான ஷெரீப்கூட ஓட்டு வாங்கி வந்தவர்தான், கூப்பிட்டால் வருவார். இனி வரும் ஏப்ரல் கூட்டங்களுக்குச் சொத்து வரி தெரிந்த ஒருவர் போதும். வீட்டு மதிப்பீட்டை எதிர்த்து முறையிடப் பொதுவாக மே 15 கடைசி என்பதால் நாற்காலி பற்றாது.

இரட்டைப்படை ஆண்டு மார்ச் பிரைமரிக்கு (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு) முன்னால் மட்டும் உஷார். வேட்பாளர்கள் தாங்களே வந்து நிற்பார்கள். ஒருவருக்கு 10 நிமிடம் என்றால் போட்டியாளருக்கும் அதே 10. எங்கள் கிளப்பில் இதை மறந்து, சண்டை பார்க்கிங் வரை போனது.