மகளுக்கு வயது 22: வக்காலத்தில் யார் கையெழுத்து?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

"வக்கீல் ஐயா, என் மகளுக்கு 22 வயது. பி.காம். முடித்து கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தாள். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம் என்று பொள்ளாச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். கேஸ் கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார், கேட்டது. அதே சீட்டைக் காட்டி எங்கள் ஊர் மெடிக்கலில் ஒன்றேகால் வருடம் வாங்கிக் கொடுத்தேன். பதினான்கு மாதத்துக்கு முன் அவள் உதடு தானாக அசைய ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போதே எதையோ மெல்லுகிற மாதிரி இருக்கும். எட்டு மாதத்துக்கு முன் கோவையில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, அந்தக் கேப்ஸ்யூலில் இருந்த லெவோசல்பிரைடு மருந்தால் வந்த 'டார்டிவ் டிஸ்கைனீசியா' என்றார். அவர் சொல்படி மருந்தை நிறுத்தியும் இன்னும் போகவில்லை. வேலையை விட்டுவிட்டாள். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டுதான் வெளியே வருகிறாள். கேஸ் போடலாம் என்றால் வேண்டாம் என்கிறாள். அவள் அப்பா பிரிந்து போய்த் திருப்பூரில் இருக்கிறார். மகளுக்குப் பதினெட்டு முடிந்ததும் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். டாக்டர் தமிழ்நாடு, கடை கேரளா. நான் யார் மேல், எங்கே கேஸ் போடுவது? என் தம்பி வாட்ஸ்அப் குரூப்பில் டாக்டர் பேரைப் போட்டு எழுதிவிட்டான். வாங்கிக் கொடுத்த பாவி நான்தானே என்று தூக்கமே வருவதில்லை."

அம்மா, யார் மேல் போடுவது என்று கேட்கிறீர்கள். யார் போடுவது என்பதை முதலில் பார்ப்போம். பதினெட்டு தாண்டியவருக்காகத் தாய் கையெழுத்துப் போட முடியாது. இது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிற வழக்கு என்பதால், காசு கொடுத்தவர் என்ற முறையில் உங்களுக்கும் ஒரு உரிமை உண்டுதான். ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் (1998) சிகிச்சை பெற்ற குழந்தை, பணம் கட்டிய பெற்றோர் இரு தரப்பும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அங்கே பாதிக்கப்பட்டது சிறு குழந்தை. உங்கள் மகள் விவரம் தெரிந்த பெண். மருத்துவமனை ஆவணம் அவள் கையெழுத்துக்குத்தான் கிடைக்கும், வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்தில் அவள்தான் கையெழுத்திட வேண்டும், எதிர்த்தரப்பு கேள்வி கேட்டால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அவள் வேண்டாம் என்று நிற்கும்போது நீங்கள் தனியாகப் போடும் வழக்குக்குக் கால் ஒன்றுதான் இருக்கும்.

அதனால் எதை வேண்டாம் என்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். கூண்டில் ஏற்றுவார்கள், எல்லோரும் என் வாயையே பார்ப்பார்கள் என்ற பயமாக இருந்தால், அதற்குப் பதில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியம் பெரும்பாலும் எழுத்தில் கொடுக்கும் பிரமாண வாக்குமூலம்தான். குறுக்குக் கேள்வியும் பல வழக்குகளில் எழுத்திலேயே முடிந்துவிடும். தேதிக்குத் தேதி அவள் வந்து நிற்கத் தேவையில்லை, வக்கீல் போனால் போதும். என் ஆபீசுக்கு வருகிற அம்மாக்களிடம் ஒரு பழக்கம் பார்க்கிறேன். பிள்ளையிடம் கேள்வி கேட்டால் பதில் அம்மாவிடமிருந்து வரும். கொஞ்ச நேரம் அம்மாவை வெளியே உட்காரச் சொல்வேன். கோபப்படுவார்கள், அப்புறம் சரியாகிவிடும்.

இனி வழக்குக்கு வருவோம். பக்கவிளைவு வந்ததாலேயே டாக்டர் மேல் தப்பு என்று சட்டம் சொல்லாது. லெவோசல்பிரைடு, மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற பொருள் வேலை செய்வதைத் தடுக்கும் மருந்து. வயிறு சீக்கிரம் காலியாகும் என்பதால் அமில மருந்தோடு ஒரே கேப்ஸ்யூலில் சேர்த்து விற்கிறார்கள். டோபமினைத் தடுக்கும் மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டால் இப்படி உதடு, நாக்கு அசைவு வரலாம், நிறுத்திய பிறகும் நிற்கலாம் என்பது மருத்துவ உலகத்துக்குப் பழைய செய்தி. இதே வழியில் வேலை செய்யும் மெட்டோகுளோபிரமைடு மருந்தை 12 வாரத்துக்கு மேல் தராதீர்கள் என்று அமெரிக்க மருந்துத் துறை 2009-இலேயே கட்டம் கட்டி எச்சரித்தது. ஆகவே ஆணையம் கேட்கப்போவது, ஆபத்தை டாக்டர் சொன்னாரா, எத்தனை நாளைக்கு எழுதினார், மறுபடி வரச் சொன்னாரா என்பதைத்தான்.

இதற்கெல்லாம் பதில் அந்தச் சீட்டில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் '30 நாள்' என்றோ, அடியில் 'ஒரு மாதம் கழித்து வரவும்' என்றோ இருந்தால், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், டாக்டர் மேல் உங்கள் வழக்கு மெலிந்துவிடும். 'தொடரவும்' என்று எழுதியிருந்தாலோ, நடுவில் மறுபடி போய்ப் புதுச் சீட்டு வாங்கியிருந்தாலோ கதை வேறு. நோயாளிக்கு முக்கியமான ஆபத்துகளைச் சொல்லித்தான் சம்மதம் பெற வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொன்னது அப்போது கைகொடுக்கும்.

சீட்டு 30 நாளுக்கு என்றே வைத்துக்கொள்வோம். பத்து கேப்ஸ்யூல் ஓர் அட்டை என்றால் எழுதியது மூன்று அட்டை. ஒன்றேகால் வருடத்தில் மெடிக்கலில் கொடுத்தது நாற்பத்தைந்து அட்டை. மீதி நாற்பத்திரண்டு அட்டைக்குக் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். அட்டையின் பின்புறம் சிவப்பில் எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள். மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று அச்சிட்டிருந்தால் அது அட்டவணை எச் மருந்து. 1945-ஆம் வருட மருந்து விதிகளில் 65-ஆம் விதி, மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதாதவரை அப்படிப்பட்ட மருந்தை ஒரு சீட்டுக்கு ஒரு தடவைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்கிறது. கொடுக்கும்போது கடையின் பெயர், முகவரி, தேதியைச் சீட்டிலேயே குறிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் சீட்டில் எத்தனை சீல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான். கடை கேரளாவில் என்பதால் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தனியாக ஒரு புகார் கொடுக்கலாம்.

நீங்கள் தூங்காமல் கிடக்கிற விஷயத்துக்கும் இந்த விதியே பதில். 'அதே மாத்திரை குடுங்க' என்று வந்து நிற்கிற தாய்க்கு மருந்தியல் தெரியாது என்பதால்தான், தெரிந்த ஒருவரைக் கல்லாவுக்குப் பின்னால் சட்டம் உட்கார வைத்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் மேல் பழியைத் திருப்புவார், ஆணையம் கொஞ்சம் தொகையைக் குறைக்கவும் கூடும். அதைக் கேட்டு உடைந்து போகாதீர்கள்.

வழக்குப் போட இரண்டு வருடம் கெடு. எட்டு மாதத்துக்கு முன்தானே நோய் தெரிந்தது, இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். உதடு அசையத் தொடங்கிய நாளிலிருந்தே கெடு ஓடுகிறது என்று அவர்கள் வாதாடுவார்கள். பாதிப்பு தெரிய வந்த நாளைக் கணக்கில் எடுக்கலாம் என்றாலும், முயன்றிருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்றால் அந்தச் சலுகை கிடையாது என்று ஸ்ரீகண்டே வழக்கில் (2010) ஒரு பெண்மணி தோற்றிருக்கிறார். ஆகவே பத்து மாதம்தான் இருக்கிறது என்று வைத்து நடங்கள்.

எங்கே போடுவது என்பது சுலபம். 2019-ஆம் வருட நுகர்வோர் சட்டத்தில், புகார் கொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பாலக்காடு மாவட்ட ஆணையம் போதும். பொள்ளாச்சி டாக்டருக்கும் நோட்டீஸ் அங்கிருந்தே போகும். நீங்கள் டாக்டருக்கும் கடைக்கும் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. கேட்கிற இழப்பீடு அதைவிட எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கணக்கு நீங்கள் கொடுத்த பணத்தை வைத்துத்தான்.

சீட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள், செல்லோடேப்பும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து, அசலை ஒரு கவரில் வையுங்கள். பில் இல்லாவிட்டால் ஜிபேயில் கடைக்குப் பணம் போன தேதிகள் இருக்கும். வங்கி ஸ்டேட்மென்ட் எடுங்கள். காலி அட்டை ஒன்று அலமாரி மூலையில் கிடந்தாலும் பேட்ச் எண்ணுக்காக எடுத்து வையுங்கள். மகளுடைய பழைய போட்டோ, வீடியோக்களைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். உதடு அசையாத முகமும் சாட்சிதான். நரம்பு டாக்டரிடம் நோயின் பெயர், எந்த மருந்து, எந்தத் தேதியிலிருந்து, இப்போது எப்படி, இனி எப்படி என்று மட்டும் எழுதிக் கேளுங்கள். 'அந்த டாக்டர் செய்தது தப்பு' என்று எழுதித் தாருங்கள் என்றால் பேனாவை மூடிவிடுவார். தேவையானால் நிபுணர் கருத்தை ஆணையமே வரவழைக்கும்.

இன்னொன்று, 1800-180-3024 என்ற இலவச எண்ணில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். நோயாளியே நிரப்பும் படிவம் தமிழிலும் உண்டு. இழப்பீடு வராது, பதிவு இருக்கும்.

அப்பா விஷயம்: பதினெட்டு முடிந்தால் கடமை முடிந்தது என்று அவர் நினைப்பது தப்பு. உடல் அல்லது மனப் பாதிப்பால் தன்னைத் தானே பராமரிக்க முடியாத, திருமணமாகாத மகள் மேஜரானாலும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம். நீங்கள் இந்துக்கள் என்றால், இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் 20-ஆம் பிரிவில் வருமானமில்லாத திருமணமாகாத மகளுக்கு ஊனம் எதையும் நிரூபிக்காமலே உரிமை உண்டு. 2020-இல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மனு மகள் பெயரில் போக வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழைக்கலாம், அல்லது சித்தூர் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம். நம் சித்தூரைச் சொல்கிறேன், ஆந்திராவில் இருப்பதை அல்ல. மகள் தனியாகப் போனாலும் போதும்.

அப்புறம் உங்கள் தம்பி. வழக்கு தொடங்கும் முன்பே டாக்டர் கையில் ஓர் அவதூறு வழக்கைக் கொடுத்து வைத்திருக்கிறார். அந்த வாட்ஸ்அப் பதிவை இன்று ராத்திரிக்குள் அழிக்கச் சொல்லுங்கள்.