வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் குடியிருக்கும் ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். தண்ணீர் தீர்ந்துபோன நகரத்தைப் பற்றி நோட்டு நோட்டாக நாவல் எழுதுகிறாள். நியூ ஜெர்சி மாமாவோ, பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்கிறார். வருடக் கட்டணம் மட்டுமே 60,000 டாலருக்கு மேல். வீட்டின் மேல் கடன் வாங்கலாமா?

பயப்படாதீர்கள் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். தொகையைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. வாங்காதீர்கள்.

கறுப்பின அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1947இல் உங்கள் பக்கத்து ஊரான பாசடீனாவில் பிறந்தவர். அம்மா வீட்டு வேலை செய்தவர். மகளுக்குப் பத்து வயதில் டைப்ரைட்டர் வாங்கிக் கொடுத்தார். கறுப்பினத்தவர் எழுத்தாளராக முடியாது என்று சமையலறையில் வைத்தே சொன்னவரும் சொந்தக்காரர்தான். பட்லர் பகலில் வேலை பார்த்துக்கொண்டு பாசடீனா சிட்டி காலேஜில் படித்தார். பாத்திரம் கழுவினார், சிப்ஸ் தொழிற்சாலையில் உருளைக்கிழங்கு வறுவலைச் சரிபார்த்தார், அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதினார். 1993இல் வந்த அவருடைய 'பேரபிள் ஆஃப் த சோவர்' நாவலில், 2024இன் கலிஃபோர்னியாவில் தண்ணீர் பெட்ரோலைவிட விலை அதிகம். 1995இல், மேதைகளுக்கான விருது என்று பெயர் பெற்ற மெக்கார்தர் விருது கிடைத்தது.

பட்லர் படித்ததைப் போன்ற கம்யூனிட்டி காலேஜில், அதாவது குறைந்த கட்டணத்தில் முதல் இரண்டு வருடப் பாடங்களை நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரியில் தொடங்கும் வழியைத்தான் நம்மவர்கள் கௌரவக் குறைவு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் கோபமே வரும். கலிஃபோர்னியாவாசிகளுக்கு ஒரு யூனிட், அதாவது பாட அளவின் ஒரு அலகு, 46 டாலர். இரண்டு வருடத்தில் 60 யூனிட் முடித்தால் 2,760 டாலர். புத்தகமும் சில்லறைக் கட்டணமும் தனி. வீட்டுச் சாப்பாடு. அப்புறம் மூன்றாம் வருடத்துக்கு யூசி, அதாவது மாநில அரசின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அங்கே மாற, ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு, கணக்கு ஒன்று கட்டாயம். அவற்றை முதல் வருடமே முடிக்கச் சொல்லுங்கள். ரிவர்சைடு உள்பட ஆறு யூசி வளாகங்கள், நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் தருகின்றன. மாறுவதற்கு முந்தைய செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். அவள் எடுக்கும் பாடத்துக்கு அது பொருந்துமா என்று காலேஜ் ஆலோசகரிடம் முதல் செமஸ்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

ரிவர்சைடை நான் சும்மா சொல்லவில்லை. படைப்பெழுத்தில் இளங்கலைப் பட்டமே அங்கே உண்டு. அங்குள்ள ஈட்டன் தொகுப்பு, அறிவியல் புனைவுக்காக உலகில் உள்ள மிகப்பெரிய நூலகத் தொகுப்புகளில் ஒன்று. இந்தப் பெண்ணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

எழுத்து உடனே சோறு போடாது, சரி. அதனால்தான் கடன் கூடாது என்கிறேன். மாதத் தவணை கழுத்தைப் பிடித்தால், முதலில் நிற்பது எழுத்துதான். பகுதி நேர வேலை பார்க்கட்டும், தப்பில்லை.

மாமாவின் நம்பரை அனுப்புங்கள். நானே பேசுகிறேன்.