வினிகரைத் தொடாமல் எழுந்தவர்

அன்புள்ள சார்,

பிலிப்பைன்ஸில் பகோலோட் என்ற ஊரின் சுட்ட கோழியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த ஆசையில், மணிலாவுக்கு மூன்று மாத வேலையாக வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமையே அப்படி ஒரு கடைக்குப் போனேன். நாலே மேசை, வாசலில் கரி அடுப்பு, வீட்டுக்காரர்களே பரிமாறுகிற இடம். தட்டில் வாழையிலைத் துண்டு, குவித்த சோறு, மூங்கில் குச்சியில் ஒரு கோழிக்கால். குழம்பு கிடையாது. தொட்டுக்கொள்ள வெறும் வினிகர். இன்னொரு பாட்டிலில் ஆரஞ்சு நிற எண்ணெய், எதற்கென்றே தெரியவில்லை. கோழியில் லேசான இனிப்பு, காரம் சுத்தமாக இல்லை. பக்கத்து மேசையில் எல்லோரும் கையால் சாப்பிட்டார்கள். நான் கூச்சப்பட்டு ஸ்பூனோடும் ஃபோர்க்கோடும் மல்லுக்கட்டிவிட்டுப் பாதியில் எழுந்தேன். நீங்கள் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டீர்களோ? அடுத்த மாதம் என் மனைவி வருகிறாள், சைவம். அவளை இந்த மாதிரிக் கடைக்கு அழைத்துப்போக முடியுமா?

க., மக்காத்தி

அன்புள்ள க.,

படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் என்மேலேயே கோபம். கோழியைப் பற்றி அவ்வளவு அளந்தவன், அதை எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு வரி எழுதவில்லை. நீங்கள் சாப்பிட்டது பாதிச் சமையல். மீதியை மேசையில் உட்கார்ந்து நீங்கள் செய்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் உப்பு, புளி, காரம் மூன்றும் அடுப்படியிலேயே தீர்மானமாகிவிடும். இலையில் உட்கார்ந்து உப்பு கேட்டால் சமைத்தவர் முகம் சுண்டிப்போகும். பிலிப்பைன்ஸில் தொட்டுக்கொள்வதற்கு ‘சவ்சாவன்’ என்று பெயர். அதை அவரவர் கிண்ணத்தில் அவரவர் கலந்துகொள்வதுதான் வழக்கம். சமைத்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கலக்காமல் சாப்பிட்டால்தான் ஒருமாதிரி பார்ப்பார்.

நீங்கள் ‘வெறும் வினிகர்’ என்று தள்ளிவைத்தது அநேகமாக சினாமாக். தென்னை வினிகரில் இஞ்சி, பூண்டு, மிளகு, நம் காந்தாரி மாதிரி குட்டி மிளகாய் எல்லாம் போட்டு நாள்கணக்கில் ஊறவைப்பது. பாட்டிலை அப்படியே சாய்த்தால் மேலே நிற்கிற புளிப்புத் தண்ணீர்தான் விழும். ஒரு குலுக்குக் குலுக்கி, நாலு மிளகாயும் சேர்ந்து விழுகிற மாதிரி ஊற்றி, ஃபோர்க்கின் முதுகால் மிளகாயை நசுக்குங்கள். நீங்கள் தேடிய காரம் அங்கேதான் இருந்தது. கிண்ணத்தில் கோலிக்குண்டு அளவில் பச்சையாக நாலு பழம் வைத்திருப்பார்களே, அது கலமான்சி. மேலே பச்சை, உள்ளே ஆரஞ்சு. அதைச் சோயா சாஸில் பிழிந்து, அதிலும் ஒரு மிளகாயை நசுக்கினால் பன்றி வயிற்றுக்கறிக்கும் சுட்ட கணவாய்க்கும் ஆயிற்று. எந்த விகிதம் என்று கேட்காதீர்கள். என்னோடு சாப்பிட்ட ஐந்து பேர் ஐந்து விதமாகக் கலந்தார்கள்.

ஆரஞ்சு எண்ணெயை நீங்கள் தொடாததுதான் எனக்குத் தாங்கவில்லை. கோழிக் கொழுப்பை உருக்கி, அச்சுவேத்தே என்கிற சிவப்பு விதையின் நிறத்தை இறக்கியது அது. நாம் நெய் விடுகிற மாதிரி சுடுசோற்றில் விட்டு, ஒரு கல் உப்பும் இரண்டு சொட்டு சினாமாக்கும் சேர்த்துப் பிசைய வேண்டும். அதைப் பிசைந்துவிட்டால் குழம்பு நினைப்பே வராது. ஆனால் சோறு போய்க்கொண்டே இருக்கும். அதற்காகவே ‘அன்லி ரைஸ்’, அதாவது கேட்கக் கேட்கச் சோறு, என்று பல கடைகளில் உண்டு. 2017இல் சிந்தியா வில்லார் என்ற செனட்டர், உடம்புக்குக் கெடுதல், இதை நிறுத்தலாம் என்று பேசப்போய் ஊரே கொந்தளித்து, அவர் பின்வாங்க வேண்டியதாயிற்று.

இனிப்பு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கலமான்சி, வினிகர், எலுமிச்சைப் புல், இஞ்சி, பூண்டு, இவற்றில்தான் இனாசல், அதாவது இந்தச் சுட்ட கோழி, ஊற வேண்டும். பல கடைகளில் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டுவிடுகிறார்கள். பகோலோட் இருப்பதே கரும்பு விளைகிற நெக்ரோஸ் தீவில் என்றாலும், அங்கே நான் சாப்பிட்ட கோழியில் புளிப்புதான் முந்தியது. அங்கே அப்போது மனோகன் கன்ட்ரி என்று வரிசையாகக் கோழிக்கடைகள் இருந்தன. நான் போயிருந்த இரவு ஒரு பையன் இடது கையில் ஓலை விசிறியும் வலது கையில் நுனியை நைத்த எலுமிச்சைப் புல் தண்டுமாக நின்றான். அந்தத் தண்டுதான் பிரஷ். எண்ணெயில் முக்கித் தடவுவான், சொட்டு கரியில் விழுந்து தீ எழும், விசிறியால் அதை அடக்குவான், குச்சியைத் திருப்புவான். இருபது குச்சி, ஒன்றுகூடக் கருகவில்லை.

அங்கே பட்டியலில் பெச்சோ என்றால் நெஞ்சு, பா என்றால் கால், பக்பக் என்றால் இறக்கை. எனக்கு அப்போது இது தெரியாது. ‘இசோல்’ என்ற சொல் பிடித்துப்போய் அதைக் காட்டினேன். ஒரே குச்சியில் வரிசையாகக் கோழியின் வால்பகுதிகள் வந்தன, முழுக்கக் கொழுப்பு. முதல் துண்டை மரியாதைக்காக விழுங்கினேன். மூன்றாவது துண்டுக்கு வரும்போது இன்னொரு குச்சி சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கையால் சாப்பிடக் கூச்சம் என்கிறீர்கள். தமிழருக்கா? அன்றாடம் அவர்கள் ஸ்பூனும் ஃபோர்க்கும்தான் பிடிப்பார்கள், சரி. ஆனால் சுட்ட கோழிக்கும் வாழையிலைச் சோற்றுக்கும் ‘கமாயன்’, கைதான். மூலையில் வாஷ்பேசின் இருந்திருக்குமே, அலங்காரத்துக்கா வைத்தார்கள்? இன்னொரு முறை போங்கள், இந்தத் தடவை ஸ்பூனைத் தொடாதீர்கள். அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் அந்தக் கடையே சுமார் என்று வைத்துக்கொண்டு வேறு கடை பாருங்கள்.

உங்கள் மனைவி விஷயம் கொஞ்சம் கஷ்டம், மறைக்க விரும்பவில்லை. கறி, மீனை ஒதுக்கிவிட்டாலும் பகோஓங் என்கிற இறால் விழுது காய்கறிக்குள் ஒளிந்திருக்கும். சுட்ட கத்தரிக்காயைத் தோலுரித்து வெங்காயம், தக்காளி, வினிகரோடு தருகிற என்சலாடாங் தலோங் கேளுங்கள். சிதம்பரம் கொத்சு பிடித்தவர்களுக்கு அது பிடிக்கும். கூடவே பூண்டுச் சோறு. பச்சைப் பப்பாளியைத் துருவிப் புளிக்காடியில் ஊறவைத்த அத்சாராவும் வாங்கிக்கொள்ளுங்கள், பெயரைக் கேட்டாலே நம் அச்சாறுக்குச் சொந்தம் என்று தெரியும். பரிமாறுகிற பெண்ணை ‘ஆத்தே’ என்று கூப்பிட வேண்டும். அக்கா என்று அர்த்தம், ஆத்தா இல்லை. “ஆத்தே, வலாங் பகோஓங்” என்றால் இறால் விழுது வேண்டாம் என்று பொருள். அவர் தலையாட்டிவிட்டு, ‘அப்படியானால் சோற்றில் கொஞ்சம் கோழி எண்ணெய் மட்டும் விடட்டுமா?’ என்று அன்பாகக் கேட்பார். அதையும் உங்கள் தட்டுக்குத் திருப்பிவிடுங்கள்.