எச்டிஎம்ஐ இல்லாத பழைய ரிசீவரில் ப்ளூரே பிளேயரை இணைத்தால் 5.1 கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். 5.1 என்பது ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என்று தனித்தனியாகப் பிரிந்து வரும் சத்தம். அதற்காகப் புது ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டிக்கு) காசைப் போடாதீர்கள். உங்களுடையதில் ஆப்டிகல் (ஒளி வழியாக டிஜிட்டல் சத்தம் வரும் சாக்கெட்), கோஆக்சியல் (அதே சத்தம் செம்பு வயரில் வரும் சாக்கெட்) இரண்டும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவே போதும்.

படத்தையும் சத்தத்தையும் தனித்தனியாக அனுப்புங்கள். பிளேயரிலிருந்து எச்டிஎம்ஐ நேரே டிவிக்கு, ஆப்டிகல் நேரே ரிசீவருக்கு. டிவியின் ஆப்டிகலில் இருந்து சத்தத்தை எடுக்கலாமே என்று கடையில் சொல்வார்கள். பல டிவிகள் எச்டிஎம்ஐ வழியாக வந்த 5.1-ஐ ஸ்டீரியோவாக்கித்தான் வெளியே விடும், வேண்டாம்.

ஆப்டிகல் வயரின் இரண்டு முனையிலும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழற்றிவிட்டுச் சொருகுங்கள். பிளேயரில் ஆப்டிகல் இல்லாவிட்டால் கோஆக்சியல். இரண்டிலும் போவது ஒரே சிக்னல்தான். அதற்கென்று தனி வயர் தேட வேண்டாம், வீட்டில் கிடக்கும் மஞ்சள் வீடியோ வயரே கொஞ்ச தூரத்துக்கு நன்றாக வேலை செய்யும். இரண்டுமே இல்லாத பிளேயர் என்றால், எச்டிஎம்ஐயிலிருந்து சத்தத்தைப் பிரித்துத் தரும் சின்னப் பெட்டி ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. மேலப்பாளையத்தில் நண்பர் ஒருவரின் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த ரிசீவரில் இதே பிரச்சினை. வயர் எல்லாம் சரி, ஆனால் பின் ஸ்பீக்கர் இரண்டும் ஊமை. ரிசீவரின் டிஸ்ப்ளேயில் பிசிஎம் (பிளேயரே சுருக்கத்தை விரித்து அனுப்பும் சத்தம்) என்று எரிந்துகொண்டிருந்தது. பிளேயரின் ஆடியோ செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம்மிலிருந்து பிட்ஸ்ட்ரீமுக்கு (டிஸ்க்கில் சுருக்கி வைத்ததை அப்படியே அனுப்புவது) மாற்றி, செகண்டரி ஆடியோவை (கமெண்டரி போன்றவற்றைக் கலப்பது) ஆஃப் செய்ததும் டிடிஎஸ் (5.1-ஐச் சுருக்கி அனுப்பும் ஒரு வகை) என்று எரிந்தது. "பின்னால மழை பெய்யுத மாதிரி இருக்குடே" என்றார் வாப்பா. பிசிஎம்மில் வைத்தால் இந்த வயரில் இரண்டு சேனல்தான் போகும், அதுதான் காரணம். அப்படியும் சத்தமே வரவில்லை என்றால், ரிசீவரில் டிவிடி பட்டன் எந்த சாக்கெட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ப்ளூரேயில் வரும் உயர்தர ஒலி வகைகளான டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் இரண்டும் ஆப்டிகலில் போகாதுதான். ஆனால் டிடிஎஸ்-எச்டி மாஸ்டருக்குள்ளேயே சாதாரண டிடிஎஸ் இருக்கிறது, பெரும்பாலும் 1509 கேபிபிஎஸ். ட்ரூஎச்டி போட்ட ப்ளூரேயில் கூடவே டால்பி டிஜிட்டலும் இருக்கும், அதிகபட்சம் 640. பிளேயர் அதை எடுத்து அனுப்பிவிடும். டைல்ஸ் போட்ட ஹாலில், மின்விசிறி ஓட, இந்த வித்தியாசம் என் காதுக்குத் தெரியவில்லை. பழைய டிவிடிகளுக்கோ எந்த இழப்பும் கிடையாது.

முழுசாக வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ரிசீவரின் பின்னால் மல்டி சேனல் இன்புட் என்று ஆறு சாக்கெட் இருந்து, பிளேயரிலும் அதே போல ஆறு அவுட்புட் இருந்தால், பிளேயரே பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் இப்போது வரும் பிளேயர்களில் அது அரிது, பழையது கிடைத்தால்தான்.

ரிசீவர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. துபாய் செட் நம்ம ஊர் கரண்டில் அப்படியே ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருந்தால் பின்பக்கம் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போட்டிருந்தால், அதன் வாட்ஸைத் தாங்குகிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் பிளக்கைச் சொருகாதீர்கள்.