ஏஜெண்ட் முன்பணம் கேட்கிறார்: மகளின் மார்க் ஷீட்டைக் கொடுக்கலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "மகளுக்கு பொறியியல் கட் ஆஃப் 165. கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்திருக்கிறோம். இதற்குள் ஒரு தனியார் கல்லூரி ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பிடித்துத் தருகிறேன், 25,000 ரூபாயும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் ஐயா. ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரவேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி. அது அவர்கள் கையில் இருந்தால், நாளைக்கு நல்ல இடம் கிடைத்தாலும் உங்கள் மகள் அசைய முடியாது.

அவர் பிடித்துத் தருவதாகச் சொல்லும் கல்லூரி சுயநிதிக் கல்லூரி என்றால், அதிலேயே 65 சதவீத இடங்கள் கவுன்சிலிங்குக்குத்தான் வருகின்றன. சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50. மீதிதான் கல்லூரியே நிரப்பிக்கொள்ளும் மேனேஜ்மென்ட் கோட்டா. வகுப்பும் ஒன்று, பெஞ்சும் ஒன்று, கட்டணம்தான் வேறு. தமிழக அரசின் கட்டணக் குழு 2017-ல் நிர்ணயித்தபடி, என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள பாடப்பிரிவில் கவுன்சிலிங் மாணவருக்கு ஆண்டுக்கு 55,000, மேனேஜ்மென்ட் மாணவருக்கு 87,000. நான்கு வருடத்துக்கு 1,28,000 ரூபாய் கூடுதல். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கவுன்சிலிங்கில் போனால்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் இந்தக் கணக்கே பொருந்தாது. கட்டணம் அவர்கள் வைத்ததுதான்.

போன வருடம் கோட்டையூரிலிருந்து ஒரு அம்மா ஒரு கல்லூரியின் ரசீதை எடுத்து வந்தார். மேல் வரியில் கல்விக் கட்டணம் சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே பயிற்சி, சீருடை, 'இதரம்' என்று இறங்கி, அடியில் கூட்டுத்தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. 'இதரம்' என்றால் என்ன என்று அவர் கேட்க நினைத்தபோது பணம் கட்டியாகிவிட்டது. ஆகவே, நான்கு வருடத்துக்குமான முழுக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்கல்ல, பாடப்பிரிவுக்கு. மகள் சேரப்போகிற பிரிவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

தனியார் என்றாலே பயப்படச் சொல்லவில்லை. நம் செட்டிநாட்டில் உயர்கல்வி தனியார் கையால் வந்ததுதான். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 1947-ல் கலைக் கல்லூரியையும், 1952-ல் பொறியியல் கல்லூரியையும் தன் சொத்திலிருந்து தொடங்கினார். இன்று இரண்டும் அரசுக் கல்லூரிகள். 1984-க்குப் பிறகு வந்த சுயநிதிக் கல்லூரிகள் மாணவர் கட்டும் பணத்தில் ஓடுபவை. அவற்றிலும் நல்லவை உண்டு. ஆனால் பணம் நம்முடையது, விசாரிக்கவேண்டியதும் நாம்தான்.

சரி, இப்போது செய்யவேண்டியது இதுதான். சென்ற ஆண்டுகளின் கட் ஆஃப் கவுன்சிலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. விருப்பப் பட்டியலில் காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரியை முதலில் போடுங்கள்; கிடைக்காவிட்டாலும் அடுத்த விருப்பங்களுக்கு நஷ்டமில்லை. அப்புறம், பிடித்திருந்தால் அந்த ஏஜெண்ட் சொன்ன கல்லூரியின் குறியீட்டையும் நீங்களே கீழே சேர்த்துவிடுங்கள்.