வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: துப்பாக்கிக் கணக்கும் வானொலியும்

கேள்வி: ஐயா, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கணக்கு எழுதுகிறேன். அமெரிக்காவில் படிக்கும் என் அக்காள் மகன் சொன்னதால், ஏலம் ஓய்ந்த பிறகு அந்நாட்டுப் பொது வானொலியான என்.பி.ஆரைக் கைப்பேசியில் கேட்கிறேன். துப்பாக்கி பெருகினால் குற்றம் குறையும் என்கிறார் ஒருவர். கூடும் என்கிறார் மற்றவர். நிகழ்ச்சியாளர் இருவருக்கும் நன்றி கூறி முடித்துவிடுகிறார். எது சரி என்று வானொலி சொல்லக் கூடாதா?
– வாசகர், காசிமேடு

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானதே. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தாராளமாகக் கிடைக்கும் மாநிலங்களில் குற்றம் குறைகிறது என்று 1998இல் பொருளியலாளர் ஜான் லாட் ஒரு நூலில் வாதிட்டதிலிருந்து இந்த விவாதம் சூடு பிடித்தது. கிடைத்துள்ள சான்றுகளைக் கொண்டு இருபுறமும் முடிவு கூற இயலாது என்று 2004இல் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றம் அறிவித்தது. பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் டோனஹியூ குழுவினர், அத்தகைய சட்டம் வந்து பத்தாண்டுகள் ஆன மாநிலங்களில் வன்குற்றம், சட்டம் வராதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 13 முதல் 15 விழுக்காடு வரை கூடுதலாக இருப்பதாகக் கணித்தனர். தராசு ஒரு பக்கம் சாயத் தொடங்கிய பிறகும் இரு தரப்புக்கும் சரிபாதி நிமிடம் ஒதுக்குவதை நடுநிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதே வானொலி 2018இல் செய்த ஒரு வேலையை நீங்கள் அறிய வேண்டும். 2015–16 கல்வியாண்டில் ஏறத்தாழ 240 பள்ளிகளில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்ததாக அமெரிக்கக் கல்வித் துறையின் புள்ளிவிவரம் கூறியது. துப்பாக்கிக் கட்டுப்பாடு கோருவோருக்கு அது கைக்கு வாகான எண். அப்படியே வாசித்துவிட்டுப் போயிருக்கலாம். என்.பி.ஆர். செய்தியாளர்களோ மூன்று மாதம் அத்தனை பள்ளிகளையும் தொடர்புகொண்டு விசாரித்தார்கள். உறுதிப்பட்டவை 11 மட்டுமே. கிளீவ்லாந்து நகரப் பள்ளிகளின் பெயரில் இருந்த 37 நிகழ்வுகள் எப்படி வந்தன தெரியுமா? யாரோ கத்தியோ துப்பாக்கியோ வைத்திருந்ததாகத் தெரிவித்த பள்ளிகளின் எண்ணிக்கையைப் படிவத்தில் ஒரு வரி தள்ளி எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். பேரேட்டில் ஒரு வரி மாறினால் என்ன ஆகும் என்பதை ஐஸ் கணக்கு எழுதும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் கேட்ட தீர்ப்பைவிட இந்தச் சரிபார்ப்பே வானொலிக்கு உரிய வேலை என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு ஆளும் பணமும் வேண்டும். பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் 2025 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இன்னொன்று: ‘துப்பாக்கியும் குற்றமும்’ என்று தலைப்பிட்டுப் பேசும்போதே பாதிக்கு மேற்பட்ட சாவுகள் பேச்சிலிருந்து நழுவிவிடுகின்றன. 2021இல் அங்கே துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையுண்டவர்கள் 20,958 பேர். அடுத்த முறை கேட்கும்போது, அந்தத் தற்கொலை எண்ணை யாராவது வாய் திறந்து சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.

கேள்வி: வியாசர்பாடி என்று முகவரி சொன்னாலே எதிரில் இருப்பவர் அரிவாளை நினைத்துக்கொள்கிறார். நம் ஊர்க் குற்றக் கணக்கை இப்படிச் சரிபார்த்துச் சொல்ல நம் எஃப்.எம். வானொலிகள் முன்வருமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: முன்வந்தாலும் விதி இடம் தராது, அம்மா. தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை மாற்றாமல் ஒலிபரப்பிக்கொள்ளலாம். சமுதாய வானொலிக்கும் இதுவே நிலை. ஆக, 1938 முதல் சென்னையில் ஒலிக்கும் அரசு வானொலி ஒன்றுதான் மிச்சம்; அது காவல் துறையின் எண்ணை எதிர்த்துக் கேட்டு நான் கேட்டதில்லை.

எனினும் எண்ணைக் கேட்டுப் பெற வானொலி தேவையில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். சென்னையில் அதை வழங்குபவர் காவல் ஆணையர். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் காவல் நிலைய எல்லைக்குள் எத்தனை துப்பாக்கி உரிமங்கள் உள்ளன, சென்ற ஆண்டின் கொலை வழக்குகளில் துப்பாக்கி எத்தனை, அரிவாள் எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘வடசென்னை’ என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகவே பதில் வரும். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் ஒரு நகலை நம் அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.