ஒன்றரை வயதுக் குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டப் பயமாக இருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் குளிப்பாட்டும் பத்து நிமிஷம் நம் கை குழந்தை மேலேயே இருக்கும். அதற்கு முன்னாலும் பின்னாலும்தான் எனக்குப் பயம். இணையத்தில் தேடினால் பாதிக்கு மேல் குளியல் தொட்டியைப் பற்றியே வரும். நம் வீடுகளில் இருப்பது பக்கெட், அதுதான் பெரிய வில்லன்.

என் மகனுக்கு அந்த வயதில் ஒரு விளையாட்டு. சோப்பைப் பக்கெட்டுக்குள் போட்டுவிட்டு, எங்கே போனது என்று விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்ப்பான். குதிகால் தரையை விட்டு எழும்பும். அந்த வயதில் உடம்போடு பார்த்தால் தலை கனம் அதிகம். தலைகுப்புற உள்ளே போனால் தானாக வெளியே வர முடியாது. தண்ணீர் கனத்தில் பக்கெட்டும் சாயாது. குழந்தை விழுந்தால் சத்தம் கேட்கும், ஓடிவிடலாம் என்று நினைக்கிறோம். முகம் தண்ணீருக்குள் இருந்தால் எப்படி அழும்? மூக்கும் வாயும் முழுகுகிற அளவுத் தண்ணீர் போதும்.

அதனால் குளித்து முடித்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிப் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். துணி ஊறவைத்த பக்கெட்டும் இதில் சேர்த்திதான். தண்ணீர் விட்டு விட்டு வருகிற ஊர், பிடித்து வைக்காமல் முடியாது என்றால், டிரம்முக்கு இறுக்கமான மூடி போட்டு, குளியலறைக் கதவின் வெளிப்பக்கம் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் அடித்துவிடுங்கள். ஆகும் செலவு ரொம்பக் குறைவு.

அடுத்தது வெந்நீர். முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர், நன்றாகக் கலக்கிவிட்டு முழங்கையை விட்டுப் பார்ப்பது. விளாவி முடித்த பிறகுதான் குழந்தையை உள்ளே கூப்பிட வேண்டும். 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் பெரியவர்கள் தோலையே ஏறக்குறைய 5 விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைத் தோல் இன்னும் மெல்லியது. 37, 38 டிகிரி, அதாவது உடம்புச் சூடு போதும். "புள்ளைக்கு நல்லாச் சூடா ஊத்துனாத்தான் தூங்கும்" என்று பாட்டி சொன்னால், சரி பாட்டி என்று சொல்லிவிட்டு உங்கள் முழங்கை சொல்வதைக் கேளுங்கள்.

பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் ராடு குழந்தை இருக்கும் வீட்டுக்கே வேண்டாம் என்பேன். வேறு வழியில்லை என்றால் கதவைப் பூட்டிவிட்டுப் போடுங்கள்; சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். கேஸ் கீசர் குளியலறைக்குள் மாட்டியிருந்தால் வெளியே மாற்றச் சொல்லுங்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும்.

துண்டு, மாற்று உடை எல்லாம் முதலிலேயே கைக்கெட்டும் இடத்தில். காலிங் பெல் அடித்தால் அடிக்கட்டும், போக வேண்டுமென்றால் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டே போங்கள். "அக்கா பாத்துக்குவா" என்று ஆறு வயதுப் பெண்ணிடம் விட்டுப் போவது காவல் இல்லை.

எண்ணெய்க் குளியல் அன்று குழந்தை கையிலிருந்தே வழுக்கும், அதனால் நிற்க வைக்காமல் தரையில் உட்கார வைத்து ஊற்றுங்கள். மூக்கில் எண்ணெய் விடுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரை போகும்.

அப்புறம், எப்போதாவது வெந்நீர் பட்டுவிட்டால் பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவ வேண்டாம். நனைந்த துணியைக் கழற்றிவிட்டு (தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல்), பட்ட இடத்தில் மட்டும் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். ஐஸும் வேண்டாம்.